மயில் கிளியான கதை: ஹீப்ருவைப் பற்றிச் சில குறிப்புகள்

1

சில மாதங்களுக்கு முன் பெரிய காஞ்சிபுரத்தில், என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், மொழியைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. பேசியவர் படித்தவர். குரலும் நன்றாக இருந்தது. நடுவில் ஹீப்ருவைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒன்று: சாலமோன் ராஜாவின் கப்பலில் நம் மயில் போயிற்று, பறவையோடு பெயரும் போயிற்று, ஹீப்ரு பைபிளில் வருகிற 'துக்கி' நம் தோகைதான். இரண்டு: இரண்டாயிரம் வருஷம் செத்துக் கிடந்த ஹீப்ருவை யூதர்கள் எழுப்பி நடக்கவைத்தார்கள், சாகாத தமிழை நாம் படுக்கப் போட்டிருக்கிறோம். இரண்டுக்கும் பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. சொன்ன இரண்டும் பொய்யில்லை, இரண்டும் பாதி. மேடை பாதியோடு நின்றுவிடும், அது அதன் சுபாவம். ஆனால் எழுதுகிறவர்களும் அந்தப் பாதியையே வாங்கிவந்து கட்டுரைகளில் வைப்பதைப் பார்க்கிறேன். விட்டுப்போன பாதிகளைப் பற்றியவை இந்தக் குறிப்புகள்.

முதலில் துக்கி. பைபிளில் இந்தச் சொல் இரண்டே இடங்களில் வருகிறது: ராஜாக்கள் முதல் புத்தகத்தின் பத்தாம் அதிகாரம், அதே செய்தியைத் திரும்பச் சொல்கிற நாளாகமம் இரண்டாம் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரம். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வந்து சேரும் கப்பல்களின் சரக்குப் பட்டியல். பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, கடைசியில் இது. தமிழ் பைபிள் மயில் என்கிறது. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856, விரிந்த இரண்டாம் பதிப்பு 1875) இதைத் தோகையோடு சேர்த்தார். உலகத்தில் எழுத்தில் பதிவான மிகப் பழைய திராவிடச் சொல் இதுவாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம். அன்றிலிருந்து நம் கஜானாவில் இது ஒரு நகை. எகிப்திய மொழியில் ஒருவகைக் குரங்கின் பெயர்தான் இது என்று வாதாடிய அறிஞர்களும் உண்டு. அதை நாம் மேடையில் சொல்வதில்லை.

இதைவிடச் சுவாரசியமானது வேறொன்று. இன்றைய ஹீப்ருவில் துக்கி என்றால் கிளி. டெல் அவீவில் ஒரு குழந்தையிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அது கிளியைத்தான் காட்டும். மயிலுக்கு அங்கே 'தவஸ்' என்று வேறு சொல், கிரேக்கத்தோடு உறவுள்ளது. நம் மயிலைத் தேடிக்கொண்டு அங்கே போனால் கிளி உட்கார்ந்திருக்கிறது.

இந்த ஊர்ப் பட்டுக் கரைகளில் மயிலும் உண்டு, கிளியும் உண்டு. ஒன்று இன்னொன்றாக மாறினால் கடைக்காரர் சேலையைத் திருப்பிவிடுவார். பாஷையில் யாரும் திருப்ப முடியாது. மேடைப் பேச்சாளருக்குக் கிளி தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அது அவர் வாதத்தைக் கெடுக்கும். எனக்கு முக்கியம் கிளிதான். மயிலாக இருந்தவரை அந்தச் சொல் வேதத்தின் இரண்டு வசனங்களில் அடைபட்டுக் கிடந்தது. கிளியானபோது குழந்தையின் வாய்க்கு வந்தது. ஒரு மொழி உயிரோடு இருப்பதற்கு அடையாளம் அதன் பழைய சொற்கள் பத்திரமாக இருப்பதா, பத்திரப்படுத்தியவர்கள் நினைக்காத காரியத்துக்கு அவை பயன்படுவதா? என் கேள்வி இதுதான்.

2

ஹைம் ராபின் என்ற பெயர் நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஜெர்மனியில் பிறந்து, ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ஹீப்ரு மொழிப் பேராசிரியராக இருந்தவர். 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின் கருத்தரங்கத் தொகுப்பில் அவர் கட்டுரை ஒன்று இருக்கிறது. (அப்போது முதலமைச்சர் எங்கள் ஊர்க்காரரான அண்ணா.) பைபிள் ஹீப்ருவில் உள்ள கடன் சொற்களை வைத்துக்கொண்டு தமிழகத்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் இருந்த வாணிபத்தை ஊகிக்கிற கட்டுரை. ஐந்து வருஷம் கழித்து, 1973ல், இன்னும் துணிச்சலாக ஒன்று எழுதினார். பைபிளில் உள்ள உன்னதப்பாட்டுக்கும் நம் அகக் கவிதைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பது அதன் சாரம். உன்னதப்பாட்டில் அதிகம் பேசுவது பெண். அவள் ஏக்கம்தான் பாட்டை நடத்துகிறது. மலையும் மானும் தோட்டமும் வாசனைப் பொருள்களும் வெறும் அலங்காரமாக இல்லாமல் காதலின் பகுதியாகவே நிற்கின்றன. இந்தக் குணங்கள் அக்கம்பக்கத்து இலக்கியங்களில் இப்படிச் சேர்ந்து கிடைப்பதில்லை, தமிழில் கிடைக்கின்றன என்பது அவர் வாதம். 1988ல் ஆபிரகாம் மரியசெல்வம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அது ரோமில் வெளியாயிற்று.

ராபினைப் படிக்கிற தமிழனுக்கு முதலில் வருகிற சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் காலக் கணக்கு உதைக்கிறது. சாலமோனுக்குச் சொல்லப்படும் காலம் கி.மு. பத்தாம் நூற்றாண்டு. நமக்குக் கிடைத்திருக்கும் அகப்பாடல்கள் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. உன்னதப்பாட்டிலேயே 'பர்தேஸ்' போன்ற பாரசீகச் சொல் இருப்பதால் அதையும் பிற்காலத்துக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு. தவிர, இன்னும் பழைய எகிப்தியக் காதல் பாடல்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கின்றன. யார் யாரிடம் வாங்கினார் என்ற விசாரணை கப்பல் கணக்கில் போய் முடியும். கவிதைக்கு அதனால் லாபமில்லை.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு கவிதைகளிலும் ஒரு பெண் இரவில் காதலனுக்காகக் காத்திருக்கிறாள். இரண்டிலும் ஊர்க்காவலர் குறுக்கே வருகிறார்கள். நம் இரவுக்குறியில் காவலர் வெறும் தடை. பெரும்பாலும் அவர்கள் ஓசையோடு சரி. உன்னதப்பாட்டில் அவர்கள் அவளை அடிக்கிறார்கள், மேலாடையைப் பறிக்கிறார்கள். நம் தலைவி சொல்லித் தீர்க்கத் தோழி இருக்கிறாள். அவளுக்கு ஜெருசலேமின் குமாரத்திகள் என்ற கூட்டம். இவற்றையெல்லாம்விடப் பெரிய வித்தியாசம் பெயர். அகத்தில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கூடாது என்பது தொல்காப்பிய விதி. உன்னதப்பாட்டில் சாலமோன் பெயர் வருகிறது, சூலமித்தி வருகிறாள். பைபிளில் வழக்கமாக இருக்கிற கடவுளின் பெயர்தான் அதில் வெளிப்படையாக இல்லை.

பிறகு இரண்டு பாஷைகளும் ஒரே காரியத்தை எதிரெதிராகச் செய்தன. தமிழில் அகத்தின் பெயரில்லாத தலைவனுக்குப் பக்திக் கவிகள் பெயர் கொடுத்தார்கள். நம்மாழ்வாரும் ஆண்டாளும் திருக்கோவையாரும் அப்படி வந்தவர்கள். பழைய பாட்டைத் தொடாமல் புதுப் பாட்டு எழுதினார்கள். யூதர்கள் புதுப் பாட்டு எழுதுவதற்கு முன் பழைய பாட்டுக்கே உரை எழுதினார்கள்: காதலன் கடவுள், காதலி இஸ்ரவேல். இரண்டாம் நூற்றாண்டில் ரோமர்களால் கொல்லப்பட்ட ரப்பி அகீவா, வேதம் முழுவதும் புனிதமென்றால் இந்தப் பாட்டு அதன் கர்ப்பக்கிருகம் என்கிற அர்த்தத்தில் சொன்னதாக மிஷ்னா பதிவு செய்கிறது. இதைக் குடிக்கிற விருந்துகளில் ராகம் இழுத்துப் பாடுகிறவனுக்கு மறுமையில் பங்கில்லை என்று எச்சரித்ததும் அதே அகீவா. எச்சரிக்கை இருந்தால் வழக்கமும் இருந்திருக்கிறது. ஒருபக்கம் கோவில், ஒருபக்கம் விருந்துக்கூடம். அகீவா ஒரு கதவைச் சாத்தினார்.

அந்தப் பாட்டு இன்றும் பஸ்காப் பண்டிகையின்போது யூதக் கோவில்களில் வாசிக்கப்படுகிறது. சில சமூகங்களில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் உண்டு. ஆனால் சாத்திய கதவும் திறந்துவிட்டது. அதன் வரிகளுக்கு மெட்டுப் போட்டுக் காதல் பாட்டாகப் பாடுகிறார்கள், கல்யாண மோதிரத்தில் செதுக்குகிறார்கள். உரை ஏற்றிய புனிதம் போய்விட்டதென்று சொல்ல முடியாது. அது அடியில் கிடக்கிறது. அதை மிதித்துக்கொண்டுதான் பையனும் பெண்ணும் நடக்கிறார்கள். மொழியைத் திரும்பப் பேச ஆரம்பித்ததால் வந்த நிலைமை இது.

3

பேச ஆரம்பித்த கதையைப் பார்க்கலாம். 'செத்துப் பிழைத்தது' என்பதே சரியில்லை. பேச்சு வழக்கு போன பிறகும் ஹீப்ருவில் கடிதம் எழுதினார்கள், சட்டம் எழுதினார்கள், ஸ்பெயினில் யெஹுதா ஹலேவி போன்றவர்கள் கவிதை எழுதினார்கள். நம்மைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டிய வருஷம் 1853. லித்துவேனியாவில் ஆபிரகாம் மாப்பு என்ற பள்ளி உபாத்தியாயர் ஹீப்ருவின் முதல் நாவலை வெளியிட்டார். ஏசாயா தீர்க்கதரிசி காலத்துக் கதை, ஏசாயாவின் மொழியிலேயே. எழுதினவரும் படித்தவர்களும் சமையலறையில் பேசியது இட்டிஷ். நம் பிரதாப முதலியார் சரித்திரத்துக்கு (1879) இருபத்தாறு வருஷம் முந்தியது. உலகத்தில் பேச்சு முதலில் வரும், நாவல் பிறகு வரும். அங்கே நாவல் முதலில் வந்து, பேச்சு அதன் பின்னால் வந்தது.

எலியேஸர் பென் யெஹுதா 1881ல் ஜெருசலேம் போனார். வீட்டில் ஹீப்ரு தவிர வேறெதுவும் காதில் விழக்கூடாது என்று தீர்மானித்தார். அடுத்த வருஷம் பிறந்த மகனை இப்படி வளர்த்தார். ஒருநாள் வெளியிலிருந்து வந்தபோது மனைவி குழந்தைக்கு ருஷ்யத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு அவர் ஆவேசப்பட்டார் என்று அந்த மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார். மேடைகளில் பென் யெஹுதாவின் விடாமுயற்சி வரும். இந்தத் தாலாட்டு வராது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சொல் வேண்டும். அகராதி என்பதற்கே சொல் இல்லாமல் 'மிலோன்' என்று உண்டாக்கினார். மின்சாரத்துக்கு அவர்கள் எடுத்த சொல் 'ஹஷ்மல்'. எசேக்கியேல் தீர்க்கதரிசி தேவரதத்தைத் தரிசித்தபோது நெருப்பின் நடுவில் தகதகத்த ஏதோ ஒன்றுக்கு அந்தப் பெயர். அது இன்னதென்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. ஒரு சிறுவன் அதைப் புரிந்துகொண்டான், உடனே அதிலிருந்து நெருப்பு வந்து அவனை எரித்துவிட்டது என்று தல்மூதில் கதை இருக்கிறது. இன்று மாதாமாதம் கட்டுகிற மின்சார பில்லில் அந்தச் சொல்தான் அச்சடித்திருக்கிறது. அதே ரதத்தின் சக்கரமான 'ஓஃபன்', சைக்கிளின் பெயருக்குள் போயிற்று.

இதைக் கேட்டுவிட்டு நம்மவர்கள் சொல்லாக்கக் குழு அமைக்கப் போவார்கள். விஷயம் அதுவல்ல. மறைமலையடிகள் 1916ல் தனித்தமிழ் என்று ஆரம்பித்தது மொழியிலிருந்து சிலவற்றை வெளியே அனுப்புகிற காரியம். ஹீப்ருக்காரர்கள் செய்ததில் பெரும்பகுதி கர்ப்பக்கிருகத்தில் இருந்ததைத் தெருவில் கொண்டுவந்து வைத்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்ல முடியாது. ஜெருசலேமின் ஆசாரவாதிகள் பென் யெஹுதாவைச் சமூகத்திலிருந்து விலக்கிவைத்தது சும்மா இல்லை. எது நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆசாரவாதியல்லாத ஒருவருக்கும் தெரிந்திருந்தது. யூத மறைஞான மரபை ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலெம் 1926 டிசம்பரில் ப்ரான்ஸ் ரோஸன்ஸ்வைக்குக்கு எழுதிய ஒரு சிறு குறிப்பில் இந்தப் பயத்தைச் சொல்கிறார். புனித மொழியைச் சாதாரணமாக்கிவிட்டதாக நினைக்கிறவர்கள் எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்று அறியாதவர்கள். அந்தச் சொற்களில் அடைந்திருக்கிற மதத்தின் வேகம் ஒருநாள் பேசுகிறவர்கள் மேலேயே திரும்பும் என்பது அவர் பயம். 2012ல் காஸா மீது நடந்த ராணுவத் தாக்குதலுக்கு ஹீப்ருவில் வைத்த பெயர், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வழிகாட்டிய மேகத்தூண். ஷோலெம் பயந்தது கற்பனையல்ல என்பதற்கு இந்த ஒன்று போதும். தெருவுக்கு வந்த சொல் மின்சார பில்லில் மட்டும் தங்குவதில்லை.

ஆனால் அதே அபாயத்தில்தான் அவர்களின் கவிதையும் இருக்கிறது. யெஹுதா அமிகாய் (1924-2000) ஆசாரமான ஜெர்மன் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாகப் பாலஸ்தீனம் வந்து, யுத்தங்களில் சண்டையிட்டவர். இறந்தவர்களுக்காகச் சொல்லப்படும் பிரார்த்தனையின் முதல் சொற்களை எடுத்து, அதில் 'நிறைந்த' என்ற ஒரு சொல்லைத் திருப்பி வைக்கிறார். பிரார்த்தனை குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. சொந்தமாக ஒரு படிமமும் அவருக்கு அங்கே தேவைப்படவில்லை. கேட்கிறவன் காதில் அந்தப் பிரார்த்தனை ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கிறது. 1966ல் நோபல் பரிசு பெற்ற அக்னானின் உரைநடையும் இப்படித்தான். ரப்பிகளின் பழைய நடையில் ஒரு கலீஷிய ஊர்க் கதையைச் சொல்லும்போது நடைக்கும் கதைக்கும் நடுவில் விழுகிற இடைவெளியே தொனியாகிறது.

நமக்கு இது முடியாதா? பெரிய காஞ்சிபுரத்தில் கடன் கொடுத்த பணம் வராது என்றால் 'கோவிந்தா' என்கிறோம். ஏமாற்றினவன் 'நாமம் போட்டான்'. வீட்டில் திட்டு விழுந்தால் 'அர்ச்சனை நடந்தது'. எந்தப் பென் யெஹுதாவும் குழுவும் இல்லாமல், கோவிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் வசிக்கிற ஜனங்கள் தாங்களே செய்துகொண்ட காரியம் இது. தெரு செய்ததை எழுத்தில் பெரிதாகச் செய்தவர் புதுமைப்பித்தன். கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்குக் கடவுளைக் கூட்டிவந்தபோது சைவத்தின் சொற்களைச் சென்னைத் தெருவின் சொற்களோடு உரசவிட்டார். அந்தக் கதையில் பரமசிவனும் குறையவில்லை, பிள்ளையும் குறையவில்லை. பிறகு வந்த நம் புதுக்கவிதையில் பெரும்பகுதி தேவாரத்தையும் பாசுரத்தையும் பாடப்புத்தகத்தோடு விட்டுவிட்டது. இல்லாவிட்டால் கேலி செய்தது. இல்லாவிட்டால் கும்பிட்டது. கேலியும் கும்பிடும் சொல்லைத் தொடாமல் தள்ளி நிற்கிற இரண்டு வழிகள். இது என் குற்றச்சாட்டு. என் கவிதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

4

இனி அந்தத் தாலாட்டு.

ஹீப்ரு பேச்சுக்கு வந்ததற்கு விலை கொடுத்தது யார்? வீட்டு பாஷைகள். இட்டிஷ், ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்கள் கொண்டுபோன லதீனோ, ஈராக்கிலும் மொராக்கோவிலும் பேசிய யூத அரபி, இப்படிப் பல. 1908ல் செர்னோவிட்ஸில் கூடிய இட்டிஷ் மாநாடு மிகவும் வாதாடி, இட்டிஷ் யூதர்களின் 'ஒரு' தேசிய மொழி என்று தீர்மானம் போட்டது. 'ஒரே' என்று போட ஒற்றுமை இல்லை. இருபதுகளில் டெல் அவீவில் 'மொழிக் காவலர் படை' என்று இளைஞர்கள் கிளம்பி, இட்டிஷ் பேசுகிறவர்களைத் தெருவில் அதட்டினார்கள், இட்டிஷ் கூட்டங்களைக் கலைத்தார்கள். ஐரோப்பாவில் ஹிட்லர் கொன்ற அறுபது லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் இட்டிஷ் பேசியவர்கள். கொலைக்குத் தப்பி வந்தவர்களின் பாஷையைப் புது நாடு வெட்கத்தோடு பார்த்தது. 1978ல் ஐசக் பஷேவிஸ் ஸிங்கருக்கு நோபல் கிடைத்தபோது இட்டிஷுக்கு மாலை விழுந்தது. மாலை எந்த நேரத்தில் விழும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

இதில் ஒரு விசித்திரம். இன்று இட்டிஷில் தாலாட்டுப் பாடுகிற தாய்மார்கள் அதிகம் இருப்பது நவீன இலக்கியக்காரர்கள் வீட்டில் இல்லை. ஜெருசலேமின் மியா ஷெஆரிமிலும் நியூயார்க்கின் ப்ரூக்ளினிலும் வாழ்கிற தீவிர ஆசாரவாதிகள் வீட்டில். ஹீப்ரு பிரார்த்தனைக்கு, அதைக் கத்தரிக்காய் வாங்கப் பயன்படுத்தக்கூடாது என்ற பிடிவாதத்தில் வீட்டு பாஷையைக் காப்பாற்றிவிட்டார்கள். முற்போக்கு கொன்றதைப் பிற்போக்கு வளர்க்கிறது. இதை எந்தச் சித்தாந்தத்தில் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

காஃப்காவை நம்மில் எல்லோரும் படித்திருக்கிறோம். 1912 பிப்ரவரியில் பிராகில், ஜெர்மன் பேசுகிற கௌரவமான யூதர்கள் முன்னால் இட்டிஷைப் பற்றி ஒரு சிறு உரை ஆற்றினார். உங்களுக்கு இட்டிஷ் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் புரியும் என்பது அவர் சொன்னது. பயப்படுகிறீர்கள், அதனால் புரியவில்லை. 1917லிருந்து அவர் ஹீப்ரு படித்தார். சாகிற சமயத்திலும் விடவில்லை. சொற்கள் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று வீட்டு பாஷை, அது போய்விட்டது. ஒன்று புனித பாஷை, அது வந்துகொண்டிருந்தது. எழுதியது மூன்றாவதில்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கொச்சி யூதர்கள். ஏறக்குறைய கி.பி. 1000த்தில் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. பழந்தமிழ் படித்தவனுக்கு அந்தப் பாஷை அந்நியமில்லை. அவர்கள் வழிபாட்டில் ஹீப்ருவும், வீட்டில் மலையாளமும் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் கல்யாணங்களில் பாட மலையாளப் பாட்டுகள் இருந்தன. பைபிள் கதையும், ஊர்க்கோவிலின் கதையும், மணமகளின் அழகும் எல்லாம் அதில். நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி, தாயிடமிருந்து பெண்ணுக்கு வந்தவை. ஐம்பதுகளில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனார்கள். பிரார்த்தனை மொழி அங்கே பேச்சு மொழியாகக் காத்திருந்தது. இரண்டாயிரம் வருஷக் கனவு என்று சொல்லலாம். குழந்தைகள் ஹீப்ரு பேசினார்கள். பாட்டிகளின் நோட்டுகள் மூட்டைக்குள் இருந்தன. பிறகு ஆராய்ச்சியாளர்கள் வந்து ஒலிப்பதிவு செய்தார்கள், அச்சிட்டார்கள். கனவு நிறைவேறிய இடத்திலேயே அந்தப் பாட்டு நின்றுபோயிற்று. நிறுத்தினவர்கள் என்று யாரும் இல்லை.

5

இதையெல்லாம் நான் ஏன் தோண்டுகிறேன் என்று கேட்கலாம். நாங்கள் பட்டுநூல்காரர்கள். மதுரை, கும்பகோணம், சேலம் அளவுக்கு இல்லாவிட்டாலும் காஞ்சியிலும் கொஞ்சம் குடும்பங்கள் உண்டு. வீட்டு பாஷை சௌராஷ்டிரம். நான் ஒரு வரி கூட அதில் எழுதியதில்லை. மதுரையில் டி.எம். ராமராய் (1852-1913) அதற்குத் தனி எழுத்தில் பாடப்புத்தகங்கள் போட்டார். பிறகு சொந்த எழுத்தா, நாகரியா, தமிழ் எழுத்தா என்ற வழக்கு வந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பேசுகிறவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். மணிக்கொடியில் எழுதத் தொடங்கிய எம்.வி. வெங்கட்ராமுக்கும் (1920-2000) இதுதான் வீட்டு பாஷை. கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையை 'வேள்வித் தீ'யில் எழுதியபோது தமிழில் எழுதினார். அந்த நாவலில் யாராவது பேசும்போது நான் இரண்டு தடவை கேட்பேன். அச்சில் இருக்கிறதை ஒரு தடவை, அந்த மனிதர் வீட்டில் நிஜமாகச் சொல்லியிருக்கக்கூடியதை ஒரு தடவை. நம் விமர்சகர்கள் முதலாவதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்.

புகார் சொல்லவில்லை. தமிழ் என்னை யாரென்று கேட்காமல் எழுதவிட்டது. 1986ல் அன்டன் ஷம்மாஸ் என்ற பாலஸ்தீனியர் ஹீப்ருவில் 'அரபெஸ்க்' என்ற நாவல் எழுதினார். தன் கிராமத்து அரபிக் குடும்பத்தின் கதையை, அந்தக் கிராமத்தை ஆள்கிறவர்களின் மொழியில். ஹீப்ரு யூதர்களுக்கு மட்டும்தானா என்ற கேள்வியை அந்த ஒரு புத்தகம் அங்கே வைத்துவிட்டது. யாருக்காகப் பத்திரப்படுத்தினார்களோ அவர்களைத் தாண்டிப் போய்விட்டால் மொழிக்கு அதைவிடப் பெரிய உயிர் கிடையாது. அந்த அர்த்தத்தில் நான் தமிழில் எழுதுவது தமிழுக்கு நல்லது என்றே நினைக்கிறேன். என் வீட்டு பாஷைக்கு அது நல்லதா என்பது தனிக் கணக்கு.

என் அம்மா பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பாள். ஆயிரக்கணக்கான இழைகள். கடைக்காரரோடு தமிழில் பேசுவாள், கோவிலில் அர்ச்சகர் சொல்கிற சமஸ்கிருதத்தைக் கேட்டுக்கொள்வாள். இழை எண்ணுவது மட்டும் எங்கள் பாஷையில். வேறெதில் எண்ணினாலும் தப்பிவிடும் என்பாள். அவள் போய்ப் பல வருஷமாகிறது. என் பையன் நான் பேசினால் புரிந்துகொண்டு தமிழில் பதில் சொல்கிறான். பேத்திக்குப் புரிவதும் இல்லை. எண்ணிக்கை இப்போது தமிழில் நடக்கிறது. தப்பவும் இல்லை. சேலை முன்னைப் போலவே நன்றாக வருகிறது.

அதனால்தான் கைதட்டியது உறுத்தியது. ஹீப்ருவைப் பார், கற்றுக்கொள் என்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் எதைப் பார்ப்பதென்று முதலில் தீர்மானிக்கவேண்டும். இரண்டு வசனங்களில் பத்திரமாக இருந்த மயிலையா, குழந்தையின் வாயில் இருக்கிற கிளியையா? தரிசனத்திலிருந்து மின்சார பில்லுக்கு வந்து அமிகாயின் கவிதையிலும் ராணுவ அறிவிப்பிலும் ஒரே சமயத்தில் ஒலிக்கிற சொற்களையா? இவையெல்லாம் ஹீப்ருதான். எழுதுகிறவன் இவற்றில் எதையும் விட முடியாது.

பென் யெஹுதாவின் மனைவி பாடிய தாலாட்டு ருஷ்யத்தில் இருந்தது. அதில் எத்தனை அடி பாடினாள், எந்த அடியில் கணவர் உள்ளே வந்தார் என்று மகன் சொல்லவில்லை. குழந்தை தூங்கியதா என்றும் சொல்லவில்லை.